பேப்பர் போடும் தவநாயகி

தாளை நெடுக்காக மடித்து, தபால் பெட்டியின் வாய்க்குள் தள்ளி, மூடியை நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தவநாயகி அடுத்த பெட்டிக்குப் போவார். ஒரு கட்டடத்தில் நாற்பது பெட்டி இருந்தால் எண்பது தட்டு. தாள் பாதியில் தொங்கி நின்றால் பின்னால் வருகிறவன் உருவி எறிந்துவிடுவான் என்பது அவருடைய அனுபவம். "விழுந்த சத்தம் கேக்கவேணும். கேட்டால்தான் போட்டதெண்டு அர்த்தம்."

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் வட்டாரத்தில் பேப்பர் போடுகிற வேலையில் அவருக்கு இது பதினோராவது வருடம். சுப்பர்மார்க்கெட் மலிவு விற்பனை, கண்ணாடிக் கடை, பீட்சாக் கடை, எல்லாத் தாளும் அவருடைய இரண்டு சில்லு வண்டிலில் ஏறும். எந்த வாசலைத் திறக்க எந்த இலக்கக் கோட் என்று எழுதி வைத்ததில்லை. கேட்டால் சொல்லவும் வராது. கதவுக்கு முன் நின்றால் விரல் தானாக இலக்கங்களை அழுத்தும். மகள் ஆரணியின் தொலைபேசி எண் மட்டும் இன்னும் பாடமாகவில்லை. அதில் ஆரணிக்கு மனத்தாங்கல் உண்டு.

அரசியலுக்குள் அவரை இழுத்துவிட்டதும் ஒரு கதவுக் கோட்தான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், ஓய்வுபெற்ற ஆசிரியர் பேனாட், கட்சித் துண்டுப்பிரசுரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தார். தவநாயகி எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த கட்டடத்தையும், அதற்கடுத்ததையும். பொழுதுபடுவதற்குள் பேனாட் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அவரைக் கட்சியிலேயே சேர்த்துவிட்டார். தனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லையே என்று தவநாயகி தயங்கியபோது பேனாட் சொன்ன பதில்தான் ஆளைப் பிடித்தது. ஜனாதிபதித் தேர்தலில் அவரால் வாக்களிக்க முடியாது. ஆனால் கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் உள்தேர்தலில், அங்கத்தவர் எந்த நாட்டவரானாலும் வாக்களிக்கலாம்.

ஐம்பத்தெட்டு வயதாகிறது, தவநாயகி ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. வன்னியில் ஒரு தேர்தல் நாளில் மூட்டை முடிச்சோடு மரத்தடியில் இருந்தார். இன்னொரு தேர்தலுக்கு ஊரே புறக்கணித்துக் கதவைச் சாத்திக்கொண்டது. இங்கே வந்து குடியுரிமைக்கான மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறினார். கட்சிக் கூட்டங்களில் கையுயர்த்துவதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. "கை தூக்கிறது பள்ளிக்கூடத்திலையும் தூக்கினனான். சாகமுன்னம் ஒரு பெட்டிக்குள்ளை ஒரு துண்டு போடவேணும்."

அந்த உள்தேர்தலை எப்போது வைப்பது என்பதில்தான் கட்சி இப்போது கட்டிப் புரள்கிறது. ஒக்டோபரில் வைத்தால்தான் வேட்பாளருக்கு நாட்டைச் சுற்றிவர நாள் கிடைக்கும் என்கிறது பேனாட் அணி. முந்தி நிறுத்தினால் அடுத்த வருட ஜனாதிபதித் தேர்தலுக்குள் ஆளை மென்று துப்பிவிடுவார்கள், ஜனவரியே நல்லது என்கிறது நகரசபையில் வேலை பார்க்கும் டேமியனின் அணி. ஒரே மேசையில் பியர் குடித்த இருவருக்கும் இப்போது முகம் பார்த்துப் பேச்சில்லை. யூன் முடிவதற்குள் கிளைகள் முடிவு சொல்லாவிட்டால் உள்தேர்தலே கிடையாது, மேலிடமே வேட்பாளரை அறிவித்துவிடும் என்று செய்தி வந்த அன்று தவநாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

மளிகைக் கடைக் கரிகாலனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"என்னக்கா, உங்கட கட்சி நாள் வைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லைத் தம்பி."

"மாப்பிள்ளை ஆரெண்டு தெரியாது, அதுக்குள்ளை கலியாண நாளுக்கு அடிபடினம்!"

"நீ சிரி. அடுத்த வருசக் கலண்டர் வந்திட்டுதோ?"

"அக்கா, இது யூன் மாசம்!"

வீட்டுக் கலண்டரில் ஒக்டோபர் ஞாயிறு ஒன்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஜனவரிக்கு வட்டமிட அதில் இடமில்லை, அதுதான் அவருடைய கவலை.

இரண்டு அணியும் தனித்தனியே தாள் அடித்து அவரிடம்தான் கொடுத்தன. மற்றவருடைய தாளை மறந்துவிடும்படி இருவரும் தனித்தனியே காதைக் கடித்தார்கள். தவநாயகி இருவருக்கும் தலையாட்டிவிட்டு, இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து அங்கத்தவர் எல்லாருடைய பெட்டியிலும் போட்டார். "போடுறதுதான் என்ர வேலை. போடாமல் விடுறதுக்கு வேற ஆளைப் பிடிக்கட்டும்."

கிளை முடிவெடுக்கும் கூட்டம் யூன் இருபத்தைந்தாம் திகதி மாலை. அழைப்புக் கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டதும் தவநாயகிதான். மனக்கசப்பு முற்றிவிட்டதால் இம்முறை கையுயர்த்தல் இல்லை, இரகசிய வாக்கு. இரவல் வாங்கிய கண்ணாடி வாக்குப் பெட்டியைத் தவநாயகியே சால்வையால் சுற்றித் தன் வண்டிலில் இழுத்து வந்தார். வழியில் கரிகாலன் விடவில்லை. "திகதிக்குத்தானே அக்கா இந்தப் பெட்டி? ஆளைத் தெரிவுசெய்யிறதுக்கு இல்லையே?"

"ஓம். எண்டாலும் பெட்டி பெட்டிதான்."

கூட்டம் தொடங்கியதுமே டேமியன் எழுந்தார். அவருடைய ஆட்களில் ஆறு பேர் அன்று வரவில்லை, வாக்கெடுத்தால் தோல்விதான். அழைப்புக் கடிதம் விதிப்படி பத்து நாள் முந்திக் கிடைக்கவில்லை, கூட்டம் செல்லாது, செப்டெம்பரில் கூடுவோம் என்றார். அவர் பக்கத்தில் இன்னும் சிலர் தங்களுக்கும் கிடைக்கவில்லை என்றார்கள். பேனாட் முகம் சிவந்து கத்தினார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. செப்டெம்பர் என்றால் கெடு தாண்டிவிடும், உள்தேர்தல் போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஆட்கள் பையைத் தோளில் மாட்டினார்கள்.

தவநாயகி எழுந்தார். நான்கு வருடத்தில் கூட்டம் நடக்கும்போது அவர் எழுந்ததே இல்லை. அவருடைய பிரெஞ்சில் நேற்றும் நாளையும் ஒன்றுதான், ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது.

"டேமியன், உன் பெட்டி இடப்பக்கம், கீழே இருந்து மூன்றாவது. மூடி உடைந்தது. ஐந்தாம் திகதி, காலை, நான் போடுகிறேன்." பக்கத்துப் பெண்மணியிடம் திரும்பினார். "மதாம், உங்களுடையது நீலம். பெயர் இரண்டு, கணவர் பெயரில் வெட்டுக் கோடு." யாரோ சிரித்தார்கள். மூன்றாமவர் தன் முறை வருமுன்பே கையை உயர்த்தினார்: "கிடைத்தது, கிடைத்தது."

"எனக்கு ஒக்டோபர் நல்லது. ஜனவரி நல்லது," என்றார் தவநாயகி. "ஒரு நாள் வேண்டும்." டேமியன் கெட்டவர் அல்ல. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பைகள் திரும்பவும் கீழே இறங்கின.

பேனாட் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடைசியாகத் தவநாயகியின் பெயரை வழக்கம்போலக் கொலை செய்தார். தவநாயகி மேசையிலிருந்த ஒக்டோபர், ஜனவரி என்ற இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. யாரோ செருமினார்கள்.

வந்தபோது ஒரு துண்டு நெடுக்காக மடிந்திருந்தது. அதைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினார். கண்ணாடிப் பெட்டி, தாள் போய் விழுந்ததை மண்டபமே பார்த்தது. இருந்தும் தவநாயகி குனிந்து, மூடியை நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.