வலது தோள்

ஒரு காலத்தில் என் ரவிக்கைகளெல்லாம் வலது தோளில்தான் முதலில் நைந்து கிழியும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோனுக்குப் போன என் வீட்டுக்காரர், ஒரு மாசி மாதம் இடது முழங்காலுக்குக் கீழே மரக்காலோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவருடைய இடது கை என் வலது தோளில்தான் இருந்தது. கொல்லைக்குப் போக, குளிக்க, வாசலுக்கு வர, எதற்கும் நான் வேண்டும். "அவருக்கு நீதான்டி காலு" என்று குளத்தில் பெண்கள் சொன்னார்கள். யார் எதைச் சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொள்கிறவள் நான். இந்தச் சொல்லைத் தாலிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தேன்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. நெரவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், நீண்ட வரப்பின் கோடியில் எங்கள் வயல் இருந்தது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும். வரப்பில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. அதனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவர் மரக்காலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

பட்டினச்சேரியிலிருந்து ஒருத்தி மீன் கொண்டு வருவாள். என் வயதுதான் இருக்கும். தலையில் கூடையோடு, கழுத்து அசையாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருவாள். ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு நாங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"அண்ணே, நடக்குறது அக்காதான். நீங்க சும்மா தொத்திக்கிட்டுப் போறீங்க."

அவர் சிரித்தார். ஊர் திரும்பியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் விடவில்லை. மீனை என் சட்டியில் கொட்டிவிட்டு, சும்மாட்டை அவர் தலையில் வைத்து, அதன்மேல் வெறுங்கூடையையும் வைத்தாள்.

"காலப் பாக்காதீங்க. கூடை விழுந்துரும். அந்தத் தென்னமரத்தப் பாத்துக்கிட்டே வாங்க. கடக்கரை மணல்ல எங்க காலு மட்டும் சொன்ன பேச்சா கேக்குது?"

நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவதில் விழுந்தார். நான் ஓடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. எந்திரிக்கிறதுக்கு அவங்களே ஒரு வழி பாப்பாங்க."

என் வீட்டு வாசலில், என் புருஷனைத் தூக்க விடாமல் என்னையே பிடித்து நிறுத்துகிறாள். அவரோ தரையில் கையூன்றி, நல்ல காலை மடக்கி, எப்படியோ எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவ பாக்கலாமா?" என்று அவளைக் கேட்டார்.

மறுநாளிலிருந்து நான் மீன் வாங்கவில்லை. செவுள் வெளுத்திருக்கிறது என்றேன். பிறகு, "புரட்டாசி. கவிச்சி வேணாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

"ஏன்டி, புரட்டாசி முடிஞ்சு பத்து நாளாச்சே" என்றார் இவர்.

"நான் வேண்டிக்கிட்டது முடியல" என்றேன்.

நிம்மதியாக இருந்தேன். ஒரு விடியற்காலையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மரக்காலின் தோல்பட்டையை, தினமும் நான் கட்டிவிடுகிற பட்டையை, தானே கோணல்மாணலாகக் கட்டியிருந்தார். தலையில் சாணிக்கூடை. வைக்கோல்போரிலிருந்து தென்னைமரம் வரைக்கும் நடந்து, திரும்பி நடந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. எத்தனை நாளாக நடக்கிறதோ. அவளை விரட்டிவிட்டேன், அவள் சொன்னது போகவில்லை. அதையும் எனக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்திருக்கிறார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினார். "வயலுக்குப் போறேன். வர்றியா?" என்றார்.

வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். தோளைக் கொடுக்க இடமே இல்லை. கூடை இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே தலையைத் தூக்கிக்கொண்டு போனார். பாதி வழியில் மரக்கால் வழுக்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டார். என் கை தானாக நீண்டது. அவர் முதுகு வேண்டாமென்று சொன்ன மாதிரி இருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அவரே எழுந்தார். வயலில் போய் நின்று நாற்றைப் பார்த்தவர், "நல்லாத்தான் இருக்குன்னு சொன்ன, இவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லலயே" என்றார்.

மறுநாள் தெருமுனை வரைக்கும் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன். அவள் கூடையை இறக்காமலே கேட்டாள்:

"புரட்டாசி முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சு. உங்கண்ணன் நேத்து வயலுக்குப் போனாங்க."

"தொட்டீங்களா?"

"தொடல."

சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள். வாங்கிக்கொண்டேன். அடுத்து தைத்த ரவிக்கை இரண்டு தோளிலும் ஒன்றுபோலவே நைந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்தது.