ஒன்பதரை மணிக்கு எடுத்த கார்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா. முதலில் பார்த்த பெரிய கார் பிடித்திருந்தது. ஆனால் சின்ன வயதுக்காரன் ஓட்டும் பெரிய காருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார். அதனால் கிள்ளானில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன்.

"வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டுல இருந்துதான் பாலிசி. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க தம்பி," என்றார் ஏஜெண்டு.

அன்றைய நல்ல நேரமோ காலை ஒன்பதரை. வீட்டு வாசலில் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒன்பதரைக்கே காரை எடுத்தேன். பழம் நசுங்கியது. அடுத்த கணம், கடைசி வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பால்காரரின் சைக்கிளும் நசுங்கியது. அவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது.

மறுநாள் ஏஜெண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போனார். எத்தனை மணிக்கு இடித்தது என்று கேட்டார்.

"பன்னெண்டு தாண்டியிருக்கும்," என்றேன்.

பால்காரர் என்னையே சற்று நேரம் பார்த்தார். "ஆமா, தாண்டியிருக்கும்," என்றார். ஏஜெண்டு எழுதிக்கொண்டு வெளியே போனார்.

"பன்னெண்டு மணிக்கு யாரு தம்பி பால் ஊத்துவா? இன்ஷூரன்ஸ் காசு வராட்டி புது சைக்கிள் இல்ல, சைக்கிள் இல்லாட்டி எனக்குப் பொழப்பு இல்ல. அதான் சொன்னேன்லா," என்றார் பால்காரர்.



அந்தக் காரைப் பல வருடம் ஓட்டினேன். எந்த நேரத்தில் எடுத்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பன்னிரண்டு மணி என்றே சொன்னேன். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த அந்த ஒன்பதரை மணியை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறேன்.