மூன்று விரல் பிடி

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றரை. முழுத் தொழில் கோவில்பட்டி நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலை. அரைத் தொழில் வீட்டுப் புறவாசலில் கத்தி அடிப்பது. மில்லில் என்னைப் பாராட்ட ஆள் கிடையாது. அதனால் என் திமிர் முழுவதும் அந்த அரைத் தொழிலில்தான் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு குழி உலை, இரும்பை வைத்து அடிக்க ஒரு தண்டவாளத் துண்டு, துருத்தி ஊத மனைவி. இரும்பு ராவுகிற பழைய அரங்களை வாங்கி வந்து, அவரவர் கைக்கும் வேலைக்கும் தக்கபடி கத்தி செய்து கொடுப்பேன்.

ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எட்டயபுரம் ரோட்டுக் கறிக்கடையில் ஆடு உரிக்கிறவர் வந்தார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. முன்பு வேலை பார்த்த பருத்தி அரவை மில் மெஷினில் போய்விட்டன. ரத்தமும் கொழுப்பும் பட்டால் சாதாரணக் கத்தியின் பிடி அந்தக் கைக்குள் உருண்டுவிடும். தோலில் கீறல் விழுந்தால் தோல் வியாபாரி சண்டைக்கு வருவார்.

"கிறிஸ்துமசுக்கு இருபது உருப்படி உரிக்கணும், அண்ணாச்சி. அன்னைக்குத் தோலக் கீறிட்டேன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லிட்டாவ. இந்தக் கைக்குன்னு ஒண்ணு செஞ்சு தாங்க."

மழை பெய்து புறவாசல் முழுக்கச் சேறு. ஈரக் கரிசலைக் கொஞ்சம் அள்ளிப் பிசைந்து, நீளமாக உருட்டி அவர் கையில் கொடுத்தேன். "உரிக்கும்போது எப்படிப் புடிப்பியளோ, அப்படிப் புடிங்க" என்றேன். பிடித்தார். மூன்று விரல்களும் உள்ளங்கையும் மண்ணில் அப்படியே பதிந்தன. அந்தத் தடத்தின் அளவுக்குக் கட்டையைச் செதுக்கினால் பிடி உருளாது. இது எனக்கே தோன்றிய யோசனை என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே செதுக்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மறுநாள் மில்லில் பெரிய அதிகாரியான ஸ்பின்னிங் மாஸ்டர் தன் மேஜைக்குக் காகிதம் வெட்டுகிற கத்தி ஒன்று கேட்டார். அவர் என்னிடம் பேசியதே அதுதான் முதல் தடவை. பித்தளைப் பிடி போட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி, அதிலேயே ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஆடு உரிக்கிறவர் இடையில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "ஆயிட்டே இருக்கு" என்று கூசாமல் சொன்னேன். அவர் கைத்தடம் பதிந்த மண் உருளை உலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் அவர் கத்தியைத் தொட்டேன். அரத்தைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் முக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை காட்டினேன். அலகில் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு பிடிக்குக் கருவேலங்கட்டையை எடுத்துக்கொண்டு மண் உருளையைப் பார்த்தேன். காய்ந்து, வெடித்து, சுருங்கிப் போயிருந்தது. கோடையில் வெடித்த கரிசல் காட்டில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். காய்ந்த கரிசல் எவ்வளவு சுருங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அளவுக்கே செதுக்கினேன். அவரைக் கூப்பிட்டு மறுபடி மண்ணைப் பிடிக்கச் சொன்னால், இத்தனை நாள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.

"என்னங்க, இது சின்னப் பிள்ளை கைக்குச் செஞ்சாப்புல இருக்கு?" என்றாள் மனைவி.

"ஏட்டி, ஒன் சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அவர் வந்து பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் ஒடுக்கமாப் படுதே, அண்ணாச்சி?"

"புதுசுல்லா. கை பழகிரும்."

அவர் கை உண்மையைச் சொன்னது. அவர் என் வாயை நம்பினார்.

மறுநாள் காலையில், ஆறாவது ஆட்டிலேயே பிடி உருள ஆரம்பித்துவிட்டதாம். மூன்று தோல் கீறிப்போனது. பிறகு கத்தி அவருடைய இடது கையையே ஆழமாக வெட்டிவிட்டது. மீதி ஆடுகளை வேறு ஆள் வந்து உரித்தான். எங்கள் வீட்டுக்குக் கறி வாங்கப் போன மனைவிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், போகவில்லை.

புது வருஷம் பிறந்த வாரத்தில் அவரே வந்தார். இடது கையில் கட்டு. புறவாசலில் கத்தி செய்யச் சொல்ல வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியில் சுற்றிய கத்தியை நீட்டினார்.

"அருமையான கத்தி, அண்ணாச்சி. கொறை என் கையிலதான். பழகிரும்னுதான் பாத்தேன், பழகல. நல்ல கை இருக்கவியளுக்குக் குடுங்க. உரிக்க வேற ஆள் போட்டாச்சு, நான் இப்ப சந்தையிலருந்து கடைக்கு ஆடு பத்துற சோலிதான் பாக்கேன்."

உங்கள் கையில் குறை இல்லை, நான் எடுத்த அளவுதான் தப்பு என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்திருந்த இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்று சொல்லிக் கத்தியை வாங்கிக்கொண்டேன்.

அவர் வாசலைத் தாண்டும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு மூடிக்கொண்டார். விரல் போனதற்கு அவர் ஒருநாளும் வெட்கப்பட்டவர் இல்லை. அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.