ஈ கடிக்காத கால்

என் சித்திக்கு மணல் ஈக்களுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. சாப்பாடு என்பது அவருடைய ரத்தம்தான்.

மணல் ஈ கொசுவைவிடச் சின்னது. ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்தே வளர்ப்பதால் நோய் எதுவும் ஒட்டாது. ஈக்கள் உள்ள குவளையின் வாயில் வலை கட்டியிருக்கும். அதை முன்கையில் கவிழ்த்துப் பிடித்தால், பெண் ஈக்கள் வலை வழியாகக் கடித்துக் குடிக்கும். கடித்த இடத்தைச் சுற்றித் தோல் சிவந்துவிடும்; மறுநாளும் அது மங்காது.

ஏன் என்று ஆய்வுக்கூடத்து மேடம் ஒருநாள் விளக்கினாராம். ஈயின் எச்சிலில் ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம், இருக்கிறது. அது ரத்தக் குழாயை விரியச் செய்கிறது. "துளி எச்சில் போதும். உலகத்துலயே இதுமாதிரி வேலை செய்யறது கொஞ்சந்தான். ஒருநாள் மருந்தாகூட வரலாம்" என்றாராம் மேடம். சித்தி அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஏனென்றால் வீட்டில் சித்தப்பாவின் வலது கால் கறுத்துக்கொண்டிருந்தது. லாரி ஓட்டியவர். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து தொடைக்குள்ளேயே ரத்தக் குழாயை அடைத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், தாமதம் வேண்டாம் என்றார் மருத்துவர். சித்தி அவகாசம் கேட்டார். பிறகு மறுபடியும் கேட்டார். பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்ததால் பகலில் நான்தான் சித்தப்பாவுக்குத் துணை. கட்டு மாற்றும்போது ஜன்னலைத் திறந்து வைப்பேன். அப்படியும் நாற்றம் போகாது.

ஒருநாள் வேலையிலிருந்து மதியமே சித்தி வந்துவிட்டார். துணிப்பைக்குள்ளிருந்து ஈரத்துணி சுற்றிய குவளையை எடுத்தார்.

"என்னடி இது? சோறு கொண்டுவருவன்னு பாத்தா பூச்சியக் கொண்டாந்திருக்க?" என்றார் சித்தப்பா.

"பேசாம காலை நீட்டுங்க."

"திருடிட்டு வந்தியா?"

"கேட்டா குடுக்க மாட்டாங்க. என் ரத்தத்துல வளந்ததுதானே. எனக்கில்லாத உரிமையா?"

"அப்ப நம்ம புள்ளைங்கன்னு சொல்லு. பெத்துக்கலையேன்னு நெனச்சேன், கூட்டமா வந்து நிக்குதுங்க."

சித்தி சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்து, கறுக்காமல் மிச்சமிருந்த பாதத்தின் மேல்புறத்தில் குவளையைக் கவிழ்த்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். ஈக்கள் குவளையின் சுவரில் உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு வலைவரை வந்து திரும்பிவிட்டன.

"பசி இல்லையோ என்னவோ" என்றேன்.

"காலையிலேர்ந்து பட்டினி" என்றார் சித்தி. குவளையைக் கணுக்காலுக்கு நகர்த்தினார். காத்திருந்தார். கெண்டைக்காலுக்கு மாற்றினார். தோல் சில்லென்று இருந்திருக்க வேண்டும். உள்ளங்கையால் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார். ஒன்றும் உட்காரவில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்தார். அங்கும் இல்லை.

முழங்காலைத் தாண்டித் தொடையில் வைத்தபோதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. வயிறுகள் சிவப்பாக உப்புவது தெரிந்தது. சித்தப்பா "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார். சித்தி குவளையை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மருத்துவர் சொன்னது முழங்காலுக்குக் கீழே. அது நாங்கள் அவகாசம் கேட்பதற்கு முன்பு.

"என்னங்க, நாளைக்கு மறுபடியும் வச்சுப் பாக்கலாம். கால சூடு பண்ணிட்டு..."

"விடு."

"எச்சில் உள்ள போனாத்தானே குழாய் விரியும். ஒரு கடி பட்டாப் போதும்..."

"ரத்தம் இருந்தாத்தான அது கடிக்கும்? ஈக்கே தெரிஞ்சுபோச்சு. உனக்குத்தான் இன்னும் தெரியல."

சித்தி குவளையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தொடையில் சிவப்பு வட்டங்கள் பரவத் தொடங்கின. நல்ல சிவப்பு. முழங்காலுக்கு மேலேயே அவை நின்றுவிட்டன.

சித்தப்பா என்னிடம் போனைக் கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரி எண்ணை அவரே அழுத்தினார். யாரோ எடுத்ததும் குரலைச் செருமிக்கொண்டு, "வலது கால் ஆபரேஷன் விஷயமா பேசறேன். நாளைக்கே வரோம். வெறும் வயித்தோட வரணுமா?" என்று கேட்டார்.