காலி அறையில் உட்கார்ந்திருந்தவர்

அவருக்குச் சிலை என்று பெயர் வைத்தது ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் பார்த்து வரைவதற்காக மேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வாலிபத்திலிருந்து அவருக்கு வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். வயதான பிறகும் மாலையில் அடுத்த தெருவிலிருக்கும் அந்தக் கல்லூரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

மாடிப்படியில் சறுக்கி இடுப்பெலும்பு விரிசல் விட்டபோது, அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்சாக நான் வந்தேன். எலும்பு சேர்ந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனின் பயம்தான் ஆறவில்லை.

"இனிமே தனியா வாசப்படி தாண்டினா முதியோர் இல்லம்தான்ப்பா. இடம் சொல்லி வச்சாச்சு."

முதலில் கையில் கட்டும் கருவி ஒன்று அனுப்பினான். சிலை அதை அலமாரிக் கைப்பிடியில் கட்டிவிட்டார். அடுத்து அறையின் நாலு மூலைக்கும் பெட்டிகள் வந்தன. உடம்பில் எதுவும் மாட்ட வேண்டாம். பெட்டிகள் ஒன்றுக்கொன்று ரேடியோ அலை அனுப்பும். நடுவில் ஆள் வந்தால் அலை மாறும். ஆள் இருக்கும் இடம் மகனின் போனில் புள்ளியாகத் தெரியும்.

"காலி அறை எப்படி இருக்கும்னு முதல்ல பெட்டிக்குக் காட்டணும். எல்லாரும் வெளிய போங்க" என்றார் மாட்ட வந்தவர்.

"என் வீட்டுலேர்ந்து நான் எதுக்குப் போகணும்?" என்றார் சிலை.

மாட்ட வந்தவருக்கு அவசரம். "சரி பெரியவரே, ஆடாம அசையாம உக்காருங்க, போதும்."

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. சிலை முதுகை நிமிர்த்தினார், ஜன்னலில் கண்ணை வைத்தார், அவ்வளவுதான். மூச்சு இருக்கிறதா என்று நானே வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெட்டி அவரையும் நாற்காலியோடு சேர்த்துக் காலி அறை என்று மனதில் வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே மகன் அலறினான். "நர்சம்மா, அப்பா எங்க?"

"சேர்ல இருக்கார், தம்பி."

"உங்க புள்ளி மட்டும்தானே தெரியுது!"

போனைச் சிலையிடம் கொடுத்தேன். "வீட்லதான்டா இருக்கேன்" என்றார்.

"போன்ல எங்கேருந்து வேணா அப்படிச் சொல்லலாம்ப்பா."

மாலையில் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் சிலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உடனே மகனுக்குச் சொன்னேன். அவனோ சிரித்தான். "ஏன் நர்சம்மா அவர்மேல கோள் சொல்றீங்க? இப்பதான் சமத்தா சேர்ல உக்காந்திருக்காரு."

புள்ளிக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. சிலை எழுந்துபோய் அலை மாறியதைப் பெட்டி ஆள் வந்ததாக எடுத்துக்கொண்டிருந்தது; அதோடு நானும் சொல்வதை விட்டேன்.

அதன்பிறகு வீட்டில் இருப்பதை நிரூபிக்கச் சிலை நாற்காலியில் காலாட்ட வேண்டியதாயிற்று. பிறந்ததிலிருந்து காலாட்டாத மனிதர். மறந்து சும்மா இருந்துவிட்டால் ஊர் சுற்றப் போனதாகப் பழி. கல்லூரிக்குப் போனால் நல்ல பெயர்.

பகலெல்லாம் அப்பா காணாமல் போகிறார் என்று, அவரை இல்லத்தில் சேர்த்துவிட மகன் ஒருநாள் மாலை நேரிலேயே வந்து நின்றான். நாற்காலி காலியாக இருந்தது. போனில் மட்டும் நாற்காலியில் புள்ளி இருந்தது. தலையில் கைவைத்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவின் அதே உடல்வாகு. புள்ளி மறைந்தது. எழுந்தான், வந்தது. உட்கார்ந்தான்; போயிற்று.

"நர்சம்மா, நான் எங்க இருக்கேன்?"

"சேர்ல, தம்பி. நான் சொன்னா நீங்க எங்க நம்பப் போறீங்க?"

கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். சிலை மேடையில் இருந்தார். அவர் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. சுற்றிலும் பிள்ளைகள் பென்சிலை நீட்டி அவரை அளந்துகொண்டிருந்தார்கள்.

"சார், மறைக்காதீங்க! சிலையோட காது தெரியல" என்றாள் ஒரு பெண்.

"இங்க விழுந்துட்டார்னா?" என்று மகன் என் காதில் கேட்டான்.

"கட்டைவிரல் கோட்டைத் தாண்டினாலே சண்டைக்கு வர்றாங்க. விழ விட்டுடுவாங்களா?"

சிலை தலையைத் திருப்பவில்லை. உதட்டோரத்தில் மட்டும் பேசினார். "வந்துட்டியா? வகுப்பு முடியிறவரை உக்காரு. காலாட்டாத."

மகன் உட்கார்ந்தான். இல்லத்தில் சொல்லி வைத்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. கல்லூரிக்குத் துணையாக நானும் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாட்டியவர் மறுபடி வந்து, இந்த முறை எல்லாரையும் படிக்கட்டில் நிறுத்திப் பெட்டிக்குப் புத்தி புகட்டினார்.

இப்போது மாலையானால் வீட்டில் யாருமில்லை என்று போன் சரியாகக் காட்டுகிறது. மகன் கூப்பிடுவதில்லை.