ராணியின் இடது கை

பசுமலையில் வரலாறு டீச்சராக இருக்கிற திமிரில்தான் நாவல் எழுத உட்கார்ந்தேன். மதுரையை ஆண்ட ஒரு ராணியைப் பற்றிய நாவல். சாலை போட்டவள், சத்திரம் கட்டியவள், படை அனுப்பியவள். ஒரு பதிப்பகம் நடத்திய போட்டிக்கு அனுப்ப வேண்டும். கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பரிசு எனக்குத்தான் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருந்த பெண். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே என் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக டைப் அடித்துக் கொடுத்தாள். கூடவே விமர்சனமும் செய்வாள். "ஏன் டீச்சர், நாடாளுற பொம்பளைக்கு இம்புட்டு அழுகை எதுக்கு?" நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

கடைசி அத்தியாயத்தில் அவள் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் கதைதான் அது. ராணி ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தானாம் அத்தனை சாலையும் சத்திரமும். அதைக் கண்ணீரும் கம்பலையுமாக ஏழு பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது நானே அழுதேன்.

"இத நான் அடிக்க மாட்டேன் டீச்சர்."

"ஏம்மா?"

"ராசா ரோடு போட்டா பெருமை, ராணி போட்டா பரிகாரமா?" என்றவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மௌஸ் இடது பக்கம் இருந்ததை அன்றுதான் கவனித்தேன். "என்னையப் பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு இந்தக் கையாலதான் காப்பி நீட்டுனேன். குடிக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாக. அதுக்கு நான் எம்புட்டு ரோடு போடணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷைங்க?" என்றார். வேறு வழியில்லாமல் அவள் கடைக்கே திரும்பினேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் உட்கார்ந்து, ஏழு பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரே ஒரு பக்கம் எழுதினேன். ராணி இடது கையால் வெற்றிலை போடுகிறாள். பணிப்பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ராணி மென்றபடியே, சுண்ணாம்பு குறைவு என்கிறாள். பிறகு அமைச்சரிடம், மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றில் புதைகிற இடம் எதுவென்று கேட்கிறாள். அந்தப் பெண் இதை டைப் அடித்துக்கொண்டே சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், மொத்த நாவலிலும் அந்த ஒரு பக்கம்தான் உயிரோடு இருந்தது.

பரிசு கிடைக்கவில்லை. ஊரறிந்த பரிகாரக் காட்சியை விட்டுவிட்டது பெருங்குறை என்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். நேரில் போய் அவரோடு சண்டை போடலாமா என்றிருந்தது. ஆனால் எந்த முகத்தோடு போவது? அதே கதையை இருபது வருடமாக வகுப்பில் ரசித்து ரசித்துச் சொன்னவள் நான். இடது கைப் பிள்ளைகள் எத்தனை பேர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. ஒருத்திகூட எழுந்து எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால், "உட்காரு" என்றிருப்பேன்.