ஐயர் படித்த புத்தகம்

"இந்த வருஷம் படிச்சதுல உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எதுங்கய்யா?" என்று நான் கேட்டபோது, போதகர் ஞானாபரணம் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிடிச்சதுன்னெல்லாம் இல்லம்மா. படிச்சது ஒண்ணுதான்."

அட்டையைத் திருப்பிக் காட்டினார். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பவர் பிரஸ் மெஷினை இயக்கும் முறை பற்றிய ஆங்கிலக் கையேடு. கிரீஸ் கறை படிந்திருந்தது.

"விளையாடுறீங்களாய்யா?"

"விளையாட்டுக்கா அகராதிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்? இந்த இன்டர்லாக்குன்னா என்ன? அகராதியில பூட்டுன்னு போட்டிருக்கான்."

"முன்னாடி இருக்கிற தடுப்பு திறந்திருந்தா மெஷின் ஓடாது. அதுக்கான ஏற்பாடு."

"அதைக் கழட்டிப் போட்டுட்டா?"

"ஓடும்."

"ம்" என்றார். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார்.

திருச்சபைப் பத்திரிகையின் ஜனவரி இதழுக்காகப் போதகர்களைக் கேட்டு எழுதிவரும் வேலை எனக்கு. மற்றவர்கள் வேத வியாக்கியானங்களையும் மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளையும் சொன்னார்கள். ஞானாபரணத்தின் பதிலை வேடிக்கை என்று நினைத்து ஆசிரியர் அடித்துவிட்டார்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம்தான் அவருடைய ஆலயம். பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் அந்தச் சபைதான். சபையில் பாதிப்பேர் தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். அவர்கள் ஊரில் போதகரை 'ஐயர்' என்பது வழக்கம். அதைக் கேட்டுவிட்டு டீக்கடை கன்னியப்பன் முதலில் அவரிடம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்க வந்தாராம். கிண்டல் இன்னும் ஓயவில்லை. "இன்னா ஐயரே, மெஷின் புக்கு படிச்சிகினு கீறே, கம்பெனில சேரப்போறியா?" முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவார். இந்த வருஷம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்.

யாருக்கு எந்த ஷிப்ட் என்பது அவருக்கு மனப்பாடம். பிரசங்கத்தின் நடுவில் யாராவது தூங்கினால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்த புள்ள."

சித்திரையில் சபைப் பையன் அருள்பாண்டியின் வலது கை விரல்கள் பிரஸ்ஸில் போயின. கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. ஞானாபரணமும் ஆஸ்பத்திரிக்குப் போய், "பாத்துச் செய்யக் கூடாதாலே?" என்று கேட்டிருக்கிறார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். "நானும் சூப்பர்வைசர் மாதிரியே பேசிட்டேம்மா" என்றார் என்னிடம். அதன் பிறகுதான் அந்தக் கையேட்டை யாரிடமோ கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகும் அருள்பாண்டி ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தான். ஆனால் திருவிருந்து நாளில், எல்லாரும் முழங்காலிட்டு, இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டி அப்பம் வாங்கும்போது, அவன் மட்டும் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ஞானாபரணம் போய்க் கூப்பிட்டார்.

"பீச்சாங்கைய நீட்டியா அப்பம் வாங்கச் சொல்லுதிய?" என்றான்.

இடது கையில் கொடுப்பதில் தனக்குத் தடையில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஒங்களுக்கு இருக்காது ஐயரே. பாக்குறவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். இனி கோயிலுக்கே வரப்போவதில்லை என்று கூட இருக்கும் பையன்களிடம் சொல்லியிருக்கிறான். ஒரே ஒருமுறை மட்டும், இந்தக் கிறிஸ்துமஸுக்கு, அவர்கள் கெஞ்சியதால் வரச் சம்மதித்தான்.

முந்தின நாள் மாலை ஞானாபரணம் திருவிருந்துப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜோடனைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நாளைக்கு முதல் வரிசையில வந்து முழங்கால் போடு தாயி" என்றார். "அவன் பாக்குற மாதிரி, நீயும் இடது கைய மேல வச்சு நீட்டுதியா?"